ஆட்டுக்குட்டிப் பாலமும் ஒரு சான்றிதழும்

போன வாரம் உங்கள் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தேநீர் இடைவேளையில் உங்களில் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "இணைய விளையாட்டை வைத்துக் கணக்கு நடத்தினால் பிள்ளைகள் நன்றாக ஒட்டிக்கொள்கிறார்களாமே, நீங்கள் அந்தக் காலத்திலேயே செய்தீர்களாமே" என்று கேட்டீர்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது. ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது அரைகுறைப் பதில். மீதியை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஓசூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அப்போது நான் கணக்கு ஆசிரியை. எனக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். வீட்டுக்காரருக்கு இங்கே ஆலையில் வேலை கிடைத்ததால் வந்து சேர்ந்தேன். வந்த புதிதில் பிள்ளைகள் தமிழில் தொடங்கித் தெலுங்கில் புகுந்து கன்னடத்தில் முடிப்பதைக் கேட்டு முழித்திருக்கிறேன். ஓய்வு பெறும் வயதில் நானே மூன்று மொழியிலும் திட்டிக்கொண்டிருந்தேன், அது வேறு கதை.

இரண்டாயிரங்களின் பின்பாதி அது. தினமும் கரண்ட் போகும். எந்த நேரத்தில் போகும் என்பதை வைத்துத்தான் கால அட்டவணையே போடுவோம். பக்கத்தில் இருந்த ஆலை ஒன்று தன் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்தபோது ஐந்தை எங்களுக்குக் கொடுத்தது. கீபோர்டு இடுக்குகளில் கிரீஸ் அப்பியிருந்தது. அடுத்த ஆண்டு பிராட்பேண்டும் வந்தது. ஐந்து பெட்டி, ஐம்பது பிள்ளைகள். ஒரு பெட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் தலையை நுழைத்துக்கொண்டு நிற்பார்கள். பக்கம் திறப்பதற்குள் ஒரு பாட்டே பாடி முடித்துவிடுவார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேருக்குப் பின்னம் என்றால் காய்ச்சல் வரும். அவர்களுக்காகத் தேடியபோது கிடைத்ததுதான் அந்த விளையாட்டு. ஓர் ஆறு. இந்தக் கரையில் ஆட்டுக்குட்டி, அந்தக் கரையில் புல். நடுவில் பாலத்தில் ஓர் இடைவெளி. கீழே பலகைகள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பின்னம் எழுதியிருக்கும். கூட்டினால் சரியாக ஒன்று வரும்படி பலகைகளை எடுத்துப் போட்டால் ஆடு தாண்டிப் போகும். தப்பாகப் போட்டால் தொபக்கென்று தண்ணீரில் விழுந்து 'மே' என்று கத்தும். அந்தக் கத்தலுக்காகவே தப்பாகப் போடுகிற பயல்கள் இருந்தார்கள். ஒவ்வொரு பாலத்துக்கும் கணக்கு கடினமாகிக்கொண்டே போகும். கடைசிப் பாலத்தைத் தாண்டிவிட்டால் திரை முழுக்க ஒரு தங்கக் கோப்பை வந்து சுழலும்.

முதல் மாதம் நான் ஏமாந்தேன். அறை ஒரே கலகலப்பு, எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள் என்று பூரித்துப்போனேன். அப்புறம்தான் கவனித்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் மவுஸ் ஒரே கையில்தான் இருந்தது. முண்டியடித்து முதலில் உட்கார்ந்தவன் கை. மற்ற ஒன்பது பேரும் சினிமா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ஒரு சட்டம் போட்டேன்: மவுஸ் பிடிக்கிறவர் வாய் திறக்கக் கூடாது, எந்தப் பலகை என்று சொல்கிறவர் மவுஸைத் தொடக் கூடாது, ஒவ்வொரு பாலத்துக்கும் ஆள் மாற வேண்டும். இந்தச் சட்டத்தை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் வேலை செய்யும்.

அந்தச் சட்டத்தால் முன்னால் வந்தவள்தான் மலர்க்கொடி.

அவள் குடும்பம் சாமல்பட்டியிலிருந்து பிழைப்புக்கு ஓசூர் வந்தது. அப்பா வார்ப்பட ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மா ரோஜாப் பண்ணையில் பூ வெட்டிக் கட்டுக் கட்டுகிறவர். பூ வெட்டு மும்முரமாக இருக்கும் நாட்களில் மலர்க்கொடியும் அம்மாவோடு போய்விடுவாள். வாரத்தில் இரண்டு நாள் வந்தால் பெரிது. வந்தாலும் கடைசி வரிசை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், பதில் வராது.

அவள் முறை வந்த அன்று பலகைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அரை, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, இன்னும் சில வேண்டாத பலகைகள். மற்ற பிள்ளைகள் "போடு போடு" என்று அவசரப்படுத்தினார்கள். அவள் அசையவில்லை. பிறகு மெதுவாக மூன்று பலகைகளைக் காட்டினாள். ஆடு தாண்டியது.

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன்.

"பூக்கட்டு மாதிரி நெனச்சிக்கிட்டன் மிஸ். எங்கம்மா கட்டுக்கு இருவது பூ வெக்கும். இருவதுல மூணுல ஒண்ணு வராதுங்க, பூவ ஒடைக்க முடியாது. அதனால கட்டுக்குப் பன்னெண்டுன்னு வெச்சிக்கிட்டன். அரைன்னா ஆறு பூவு, மூணுல ஒண்ணுன்னா நாலு, ஆறுல ஒண்ணுன்னா ரெண்டு. பன்னெண்டு சரியா வந்துட்டுது."

பொது மடங்கு என்று கரும்பலகையில் நான் மாரடித்துக்கொண்டிருந்த விஷயம் அது. என் வகுப்பில் ஒரு பிள்ளை அதைத் தானாகவே கண்டுபிடித்து, பூவாக எண்ணிக் காட்டிவிட்டது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எந்தச் சம்பளக் கமிஷனும் தந்ததில்லை.

அதன் பிறகு அவள் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. பூ மும்முரத்திலும் வந்தாள். விளையாடும் விதமும் தனி. அவசரமே படமாட்டாள். ஆடு தண்ணீரில் விழுவது அவளுக்குப் பிடிக்காது. "பாவங்க மிஸ்" என்பாள். கரண்ட் போய்விட்டால்கூட எழுந்திருக்காமல், விட்ட பாலத்தின் பலகைகளை நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பலகை சொல்லி ஆடு கடைசிப் பாலத்தைத் தாண்டிக் கோப்பை சுழன்றபோது மொத்த வகுப்பையும் கைதட்டச் சொன்னேன். "உனக்குக் கணக்கு நல்லா வருது மலரு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் முகத்தை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும், எனக்கு வரையத் தெரிந்திருந்தால்.

இந்த இடத்தில்தான் சான்றிதழ் வருகிறது.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். பிள்ளைகளை ஊக்கப்படுத்த வேண்டும், கடைசிப் பாலம் தாண்டியவர்களுக்கு ஒரு சான்றிதழ் அடித்துக் கொடுப்போம் என்றார். எனக்கும் பிடித்திருந்தது. வாசகத்தை நான்தான் எழுதினேன். 'கணினி வழிக் கணித விளையாட்டில்' என்று தொடங்கியிருந்தேன். அவர் பேனாவை எடுத்தார்.

"டீச்சர், விளையாட்டுங்கற வார்த்தையே வேணாம். கல்வி ஆபீஸ்ல இருந்து யாராச்சும் வந்து பாத்தா, கணக்கு பீரியட்ல விளையாட விட்டீங்களான்னு கேப்பாங்க. பயிற்சின்னு போட்டுருங்க. கவுரவமா இருக்கும்."

அப்போது எங்கள் வட்டாரத்தில் அப்படித்தான். விளையாட்டு என்றால் வேலை செய்யாமல் ஊரை ஏமாற்றுவது என்று அர்த்தம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆகவே 'கணினிப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்துள்ளார்' என்று அச்சாகி வந்தது. கெட்டி அட்டை, தலைமையாசிரியரின் பச்சை மைக் கையெழுத்து, பக்கத்தில் என் கையெழுத்து, பள்ளியின் முத்திரை. பார்ப்பதற்கு உண்மையாகவே ஜம்மென்று இருந்தது.

நாங்கள் இருவரும் ஒன்றை மறந்துவிட்டோம். ஓசூரில் சான்றிதழ் என்பது சுவரில் மாட்டுகிற பொருள் அல்ல. காலையில் தொழிற்பேட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் பிளாஸ்டிக் பைலைக் கையில் பிடித்துக்கொண்டு பையன்களும் பெண்களும் நிற்பார்கள். பைலுக்குள் சான்றிதழ். அதைக் காட்டினால் உள்ளே விடுவார்கள், இல்லையென்றால் வெளியே. முத்திரை போட்ட அட்டை வீட்டுக்கு வந்தால் இங்கத்துத் தாய் தகப்பன் அதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவார்கள் என்பதை அந்த ஊரில் அத்தனை வருடம் இருந்த நான் யோசித்திருக்க வேண்டாமா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த சமயம். தலைமையாசிரியர் கூட்டத்துக்காகக் கிருஷ்ணகிரி போயிருந்தார், பொறுப்பு என்னிடம். மதிய உணவு வேளையில் மலர்க்கொடியின் அம்மா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். கூடவே வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள். பின்னால் மலர்க்கொடி.

"வணக்கங்க டீச்சர். நான் இவளுக்குத் தாய்மாமன். லேபர் காண்ட்ராக்ட்ல சூப்பர்வைசரா இருக்கறன். பொண்ணுக்கு டி.சி. வாங்கிட்டுப் போலாம்னு வந்தம்."

"ஒம்பதாவது பாதியில எதுக்கு டி.சி.?"

"ஒரு கம்பெனி கேட் ஆபீஸ்ல வேலைக்குப் பொண்ணு கேக்கறாங்க. லாரி வர்றது போறது எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். நெழல்ல உக்காந்து பாக்கற வேலைங்க."

"அவளுக்கு வயசு பதினாலு."

"அதெல்லாம் நாம்பாத்துக்கறங்க."

அந்த அம்மா பையைத் திறந்து சான்றிதழை எடுத்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். மேசைமேல் வைத்து, முந்தானையால் ஒரு தரம் துடைத்தார். அவர் விரல் நுனியெல்லாம் முள் குத்திய தழும்பு.

"நீங்க பண்ணுன புண்ணியந்தான் டீச்சர். நான் முள்ளுல நிக்கறன், எம்மவளாச்சும் நாக்காலில உக்காரட்டும்."

"பத்தாவது முடிக்கட்டுமே" என்றேன்.

மாமன் சிரித்தபடி சொன்னார்: "பத்தாவது முடிச்சாலும் அங்க கம்ப்யூட்டர் தெரியுமான்னுதானுங்க கேப்பாங்க. அதத்தான் நீங்களே கத்துக்குடுத்துட்டீங்களே."

நான் வயதைப் பற்றிப் பேசினேன், சட்டத்தைப் பற்றிப் பேசினேன். ஒன்றும் ஏறவில்லை. என்னுடைய கையெழுத்துக்கு மேலேயே கணினிப் பயிற்சி முடித்தவள் என்று எழுதியிருக்கும்போது நான் எதைச் சொல்லி மறுப்பது? ஆமாம், பயிற்சிதான் என்று ஒப்புக்கொண்டால் அவள் அன்றைக்கே போய்விடுவாள். கேட் ஆபீஸில் டைப் அடிக்கத் தெரியவில்லை என்று இரண்டே நாளில் கண்டுபிடித்து, மூட்டை தைக்கிற இடத்துக்கு அனுப்புவார்கள். பள்ளிக்கூடம் முடிந்த கதை. இல்லை, அது பயிற்சி அல்ல என்றால், அதைக் கேட்டுக்கொண்டு அவள் அங்கேயே நிற்கிறாள். அவளை வெளியே அனுப்பிவிட்டுப் பேச வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. மணி அடிக்கப்போகிறது, மாமன் பேனாவை நீட்டுகிறார். எப்படியாவது பிள்ளையை நிறுத்திவிட வேண்டும் என்ற ஒரே வெறிதான் எனக்கு.

"ஏங்க, அது கம்ப்யூட்டர் படிப்பே இல்லங்க. அது வெறும் விளையாட்டு. ஆட்டுக்குட்டி பாலம் தாண்டுற விளையாட்டு. பிள்ளைங்க சந்தோசத்துக்குக் குடுத்த அட்டை இது. அவளுக்கு டைப் அடிக்கக்கூடத் தெரியாது, கேட்டுப்பாருங்க."

மாமன் திரும்பினார். "டைப் அடிப்பியா?"

மலர்க்கொடி தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"ஏன்டி, அப்ப ஆடு மேய்ச்சதுக்கா சர்டிபிகேட்டு?"

அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற ஆசிரியர்கள் சிரித்துவிட்டார்கள். மாமனும் சிரித்தார். காரியம் கைகூடிவிட்டது என்ற நிம்மதியில் நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சரி, படிக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தலைமையாசிரியர் என்னைப் பாராட்டினார். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று நாங்கள் இருவரும் டீ குடித்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், அடுத்த கம்ப்யூட்டர் வகுப்பு வரைக்கும்.

அன்று அவள் முறை வந்தது. "நான் சும்மா பாக்கறன் மிஸ்" என்றாள். அதற்கடுத்த வாரமும் அதேதான். மூன்றாவது தடவை நான் கொஞ்சம் அதட்டலாகவே, "உக்காரு மலரு" என்றேன். உட்கார்ந்தாள். பலகைகளைப் பார்க்கவே இல்லை. வாய்க்கு வந்த பலகையைச் சொன்னாள். ஆடு தண்ணீரில் விழுந்தது, கத்தியது, வகுப்பு சிரித்தது. அவளும் கூடச் சிரித்தாள். மறுபடி விழுந்தது, மறுபடி சிரித்தாள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைச் சாத்துவதுபோல் நின்றேன்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. வேறு விளையாட்டுகளைத் தேடிக் கொண்டுவந்தேன். தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்தேன். கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். சொன்னதையெல்லாம் மறுக்காமல் செய்தாள். பள்ளிக்கும் ஒழுங்காக வந்தாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் கட்டுக்குப் பன்னிரண்டு பூ வைத்து யோசித்த பிள்ளை அதன் பிறகு என் வகுப்புக்கு வரவே இல்லை.

உங்களில் யாராவது கேட்கலாம்: வேறென்ன செய்திருக்க முடியும், பொய் சொல்லியிருக்க வேண்டுமா என்று. வேண்டாம். அன்றைக்கு அவளை அனுப்பாமல் இருந்தது சரிதான், இன்றைக்கும் அதையேதான் செய்வேன். விட்டது வேறு. அது விளையாட்டுதான் என்று சொன்ன கையோடு அந்தப் பன்னிரண்டு பூவையும் சொல்லியிருக்கலாம். "விளையாட்டுதாங்க, ஆனா அதுல உங்க பொண்ணு போட்ட கணக்கு விளையாட்டு இல்ல. நான் கத்துக்குடுக்காதத அவளாக் கண்டுபிடிச்சா. அதுக்காகத்தான் அவ படிக்கணும்." பூக்கட்டுகிற அந்த அம்மாவுக்கு அந்தக் கணக்கு என்னைவிட நன்றாகப் புரிந்திருக்கும். மாமனுக்குப் புரியாவிட்டாலும் போகிறது, அவளாவது கேட்டிருப்பாள். இத்தனையும் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடத்தில் எனக்கு அது வாயில் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தபோது வந்தது.

ஆகவே தாராளமாக விளையாட்டை வையுங்கள். உங்களிடம் என்னென்னவோ வசதிகள் வந்துவிட்டன. ஆனால் விளையாட்டை விளையாட்டு என்று முதலிலேயே கூசாமல் சொல்லுங்கள், பெற்றோரிடமும் அதிகாரிகளிடமும். மேலே வேறு பெயர் ஒட்டிவைத்தால், நெருக்கடி வரும்போது நீங்களே அதைப் பிய்த்தெறிவீர்கள். பிள்ளையும் சேர்ந்துதான் அதில் பிய்யும். அப்புறம் ஒரு பிள்ளை சரியாகச் செய்தால் திரையில் சுழலும் கோப்பையைக் காட்டி மெச்சாதீர்கள். பிள்ளை எப்படி யோசித்ததோ அதைச் சொல்லி மெச்சுங்கள். அதை யாரும் பிறகு சிரித்து அழிக்க முடியாது.

மலர்க்கொடி பத்தாவது தேறினாள். கணக்கில் தேறினாள், அவ்வளவுதான். மதிப்பெண் பட்டியல் வாங்க வந்த அன்று நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன், வரிசை வராந்தா வரைக்கும் நின்றது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் நகரவில்லை.

"மேல என்ன படிக்கப்போற?"

"இல்லிங்க மிஸ். அம்மா கூடப் பூவுக்குப் போறன்." பிறகு கொஞ்சம் தயங்கி, "மிஸ், ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள்.

"கேளு."

"கடைசிப் பாலம் தாண்டுனன்னிக்கி, உனக்குக் கணக்கு நல்லா வருதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அதுவும் விளையாட்டுக்குத்தானுங்களா?"

"இல்ல மலரு. அது நெசம்" என்றேன். "சத்தியமா நெசம்."

பெரியவர்கள் சமாதானம் சொன்னால் பிள்ளைகள் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்களே, அப்படிக் கேட்டுக்கொண்டாள். "சரிங்க மிஸ்" என்றாள். பின்னால் இருந்த பெண் அவளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

வாசலில் அவள் அம்மா காத்துக்கொண்டிருந்தார். பட்டியலை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் முத்திரையை விரலால் தடவினார்.

"லேமினேசன் போட்டுரலாமாடி?" என்று அவர் கேட்டது எனக்கு உள்ளேயே கேட்டது.

"வேணாம்மா" என்றாள் மலர்க்கொடி.